ஆங்கில அருஞ்சொற்களும் நம் இளைஞரும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



'போட்டித் தேர்வும் ஆங்கிலச் சொல்வளமும்' என்பது நமக்கு ஒதுக்கப்பட்ட தலைப்பு. கேட்டவுடன் இது மிகச் சிறிய பொருளாகத் தோன்றக்கூடும். பஞ்சமி நிலம், விடுதிகளின் நிலைமை, உதவித்தொகை வந்து சேருவதில் தாமதம் என்று பெரிய பெரிய சிக்கல்கள் கண்முன் நிற்கும்போது, ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியுமா தெரியாதா என்பதற்காக ஓர் உரையா என்று சிலர் எண்ணலாம். நம் மாலை வகுப்பின் கடைசிப் பலகையில் ஒரு மாதம் அமர்ந்திருந்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். கணக்கில் எவருக்கும் சளைக்காத பிள்ளைகள், பொறியியலிலும் அறிவியலிலும் முதல் வகுப்பில் தேறிய பிள்ளைகள், ஆங்கிலப் பகுதியில் வந்து தடுக்கி விழுந்ததை நாம் ஆண்டுதோறும் கண்டிருக்கிறோம்.

வங்கித் தேர்வு, பணியாளர் தேர்வாணையத் தேர்வு ஆகியவற்றிலும் ஆங்கிலம் உண்டு. அவற்றில் கேட்கப்படும் சொற்கள் பெரும்பாலும் நாளேடுகளில் புழங்குபவை. இன்று நாம் எடுத்துக்கொள்வது அவற்றினும் கடினமான ஜி.ஆர்.இ. தேர்வு. அமெரிக்கா முதலிய நாடுகளில் மேற்படிப்புக்குச் செல்வோர் எழுதுவது. நம் கழகத்துப் பிள்ளைகளுக்கு அதனால் என்ன என்று கேட்பாரும் உளர். தாழ்த்தப்பட்ட மாணவர் அயல்நாடு சென்று பயில்வதற்கான நடுவணரசின் உதவித்தொகைத் திட்டம் 1954-55 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. பணத்துக்கு வழி இருக்கிறது. வாயிலில் நிற்கும் தேர்வுக்கு வழி தெரியாமல் போய்விடக் கூடாது. கொரோனாக் காலமாகிய 2020 முதல் பல பல்கலைக்கழகங்கள் இத்தேர்வைக் கட்டாயமாகக் கேட்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனவே விண்ணப்பிக்கும் துறை அதைக் கேட்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணமே இருபதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. வேண்டாத இடத்தில் அதைக் கொட்டுவதற்கு நம்மிடம் இல்லை.

தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2023 செப்டம்பரில் தேர்வு சுருக்கப்பட்டு, இப்போது மொத்தம் 1 மணி 58 நிமிடம் நடைபெறுகிறது. அதில் மொழிப் பகுதி இரண்டு பிரிவுகளாக 27 வினாக்கள், 41 நிமிடங்கள். மதிப்பெண் 130 முதல் 170 வரை. முன்பு ஒரு சொல்லைத் தந்து அதன் எதிர்ச்சொல்லைக் கேட்பார்கள். அவ்வகை வினா 2011 ஆகஸ்டில் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது சொல் தனித்து வருவதில்லை. வாக்கியத்துக்குள் வெற்றிடமாக வருகிறது. இந்த மாற்றத்தை அறியாமல் நாம் சில ஆண்டுகளை வீணாக்கினோம். அந்தக் கதையை மறைப்பதற்கில்லை.

தொடக்கத்தில் பழைய புத்தகக் கடையில் ஒரு தடித்த சொற்பட்டியல் நூல் வாங்கினோம். அகர வரிசையில் ஆயிரக்கணக்கான சொற்கள். நாளொன்றுக்கு ஐம்பது சொல் மனப்பாடம் என்று ஆணையிட்டோம். அபேஸ், அபாஷ், அபேட், அபெட் என்று பிள்ளைகள் நெட்டுருப் போட்டார்கள். 'ஏ' எழுத்தில் அனைவரும் பண்டிதர்கள். 'சி' வரையில் பாதிப்பேர். 'எம்' எழுத்தை எட்டியவர் இருவரோ மூவரோ. அவர்களும் அங்கே சென்றபோது 'ஏ' எழுத்தை மறந்துவிட்டிருந்தார்கள். அபேஸ் என்றால் தாழ்த்துதல், அபாஷ் என்றால் கூசச் செய்தல், அபேட் என்றால் தணிதல், அபெட் என்றால் குற்றத்துக்குத் துணைபோதல். ஒலியால் இரட்டைப் பிள்ளைகள் போல நிற்கும் இவற்றை அடுத்தடுத்துப் படித்தால் குழப்பம்தான் விளையும். பிள்ளைகளின் அறிவில் குறையில்லை, வரிசையில்தான் குறை. அன்று அதை உணராமல் பிள்ளைகளைக் கடிந்துகொண்டோம். அவர்களுள் இருவர் வகுப்பையே விட்டு நின்றுவிட்டார்கள். வெள்ளிவிழா மேடையில் இதைச் சொல்வது நமக்குப் பெருமையன்று, ஆயினும் சொல்லவேண்டியது.

நம் முன்னோர் மொழி பயின்ற முறையை நினைத்துப் பார்த்தால் இத்தவறு நேர்ந்திராது. திண்ணைப் பள்ளிகளில் மாணவர் மனப்பாடம் செய்தது நிகண்டு. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டை எடுத்துப் பாருங்கள். தேவப்பெயர் ஒரு தொகுதி, மக்கட்பெயர் ஒரு தொகுதி, விலங்கு, மரம், இடம் என்று பொருளுறவால் சொற்களைக் கூட்டி, செய்யுளாக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பொருளுக்குரிய பல சொற்களும், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களும் தனித்தனியே தொகுக்கப்பட்டுள்ளன. பிறகு வந்த வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) போன்ற அகரவரிசை நூல்கள், ஐயம் வரும்போது புரட்டிப் பார்ப்பதற்கு உகந்தவை. கற்பதற்கு நிகண்டு, தேடுவதற்கு அகராதி. அந்தத் திண்ணையில் நம் பாட்டன்மார்க்கு இடம் தரப்படவில்லை என்பது வேறு செய்தி. இடம் தராதவர்களின் முறை நல்லதாக இருந்தால் அதை எடுத்துக்கொள்வதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

ஆகவே அகர வரிசையைக் கைவிட்டுக் குடும்பம் குடும்பமாகக் கற்பிக்கத் தொடங்கினோம். ஒரு குடும்பத்தைக் காட்டுகிறோம். இலத்தீன் மொழியில் 'மானுஸ்' என்றால் கை. கையால் செய்யப்படுவது மேனுவல். கையால் எழுதப்பட்டது மேனுஸ்கிரிப்ட். கையால் ஆக்குதல் மேனுஃபேக்சர். பிற்காலத்தில் இயந்திரம் ஆக்கினாலும் பெயர் நிலைத்துவிட்டது. கைவிலங்கு மேனக்கிள். அடிமையை உரியவன் தன் கையிலிருந்து விடுவித்தல் மேனுமிட். பிறர் கைப்பிடியிலிருந்து வெளியேற்றுதல் எமேன்சிப்பேட். ரோமானியர் சட்டத்தில், ஒருவன் கைப்பற்றி உடைமையாக்கிக்கொண்டதைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது இது. வகுப்பில் இதை எழுதிப்போட்டபோது ஒரு மாணவன் எழுந்து, "மேனுவல் என்ற சொல் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும் ஐயா, மேனுவல் ஸ்கேவஞ்சிங்" என்றான். வகுப்பு அமைதியாகிவிட்டது. கையால் மலம் அள்ளும் தொழிலை 1993 இல் ஒரு சட்டமும் 2013 இல் மற்றொரு சட்டமும் தடை செய்தன. அதன் பின்னும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மாண்டவர்களை நாம் அறிவோம். அந்தக் கைக்கும், மேனக்கிள் என்னும் விலங்குக்கும், எமேன்சிப்பேஷன் என்னும் விடுதலைக்கும் வேர் ஒன்றே. அன்று வகுப்பில் இருந்தவருள் ஒருவர்கூட அந்த ஆறு சொற்களையும் மறக்கவில்லை.

வேர்ச்சொல்லை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு நடப்பதும் ஆபத்து. மேனியா என்பதில் வரும் 'மேன்' கையன்று. கிரேக்க மொழியில் பித்து. பெடஸ்ட்ரியன் என்பதில் இருப்பது கால். பீடியாட்ரிக்ஸ் என்பதில் இருப்பது குழந்தை. உருவம் ஒத்திருந்தால் உறவு என்று கொள்ளாமல் அகராதியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளவேண்டும்.

வேர் தெரிந்த சொற்களை எங்கே சந்திப்பது? பயிற்சி நிலையங்கள் அயல்நாட்டு இதழ்களின் கட்டுரைகளைப் படிக்கச் சொல்கின்றன. படியுங்கள், தீங்கில்லை. நம் நூலக அலமாரியிலேயே அண்ணல் அம்பேத்கரின் ஆங்கில நூல்தொகுதிகள் இருக்கின்றன. மகாராட்டிர அரசு 1979 முதல் வெளியிட்டவை. அவற்றைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? படத்துக்கு மாலை போடுகிற நாம் பக்கத்தைத் திருப்புவதில்லை. அண்ணல் 1916 மே மாதத்தில், தம் இருபத்தைந்தாம் வயதில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சாதிகளின் தோற்றம் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அதில் எண்டாகமி என்னும் சொல்தான் அச்சாணி. எண்டோ என்றால் உள். காமோஸ் என்றால் மணம். தம் குழுவுக்குள்ளேயே மணம் புரிதல், அதாவது அகமணம். புறமணம் எக்ஸாகமி. ஒருதார மணம் மோனாகமி. பலதார மணம் பாலிகமி. மணத்தையே வெறுத்தல் மிசாகமி. ஒரு சொல்லைப் பிடித்தால் ஐந்து வருகின்றன. சாதி எப்படி நிலைபெற்றது என்னும் வாதமும் உடன் வருகிறது.

1936 இல் அவர் அச்சிட்டு வெளியிட்ட, நிகழ்த்த இயலாமற்போன லாகூர் உரையின் தலைப்பிலேயே அனைஹிலேஷன் என்னும் சொல் நிற்கிறது. இலத்தீனில் நிஹில் என்றால் 'ஒன்றுமில்லை'. ஒன்றுமில்லாததாக ஆக்குதல் என்பதே அச்சொல்லின் உட்பொருள். சீர்திருத்துதல், தணித்தல், குறைத்தல் ஆகியவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் சொற்கள் உண்டு. ரிஃபார்ம், மிட்டிகேட், அபேட் என்று. அவற்றுள் எதையும் எடுக்காமல் அனைஹிலேஷனை எடுத்தார். பொருளில் நெருங்கிய சொற்களுக்கிடையே உள்ள அளவு வேறுபாட்டைத்தான் ஜி.ஆர்.இ. வினாக்கள் சோதிக்கின்றன. அதே 1936 இல்தான் கொலம்பியா, ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் ஆகிய பல்கலைக்கழகங்களின் கூட்டு முயற்சியாக ஜி.ஆர்.இ. தேர்வுக்கு வித்திடப்பட்டது. அண்ணல் கொலம்பியாவுக்குக் கப்பலேறிய 1913 இல் இந்தத் தேர்வு இல்லை.

இனி, சொல்லாமல் கடந்துவிடமுடியாத ஒரு சொல்லுக்கு வருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, நம் மாணவி ஒருத்தி சொற்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தாள். கேட்டதற்குப் பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். 'பரையா' என்று ஒரு சொல். எதிரே, 'சமுதாயத்தால் ஒதுக்கப்பட்டவர், இழிந்தவர்' என்று பொருள். "இதை நான் மனப்பாடம் செய்யவேண்டுமா?" என்று கேட்டாள். நம்மிடம் அப்போது ஆயத்தமான விடை இல்லை.

பறை என்னும் கருவியின் பெயரிலிருந்து வந்த நம் மக்களின் பெயர், பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியரின் குறிப்புகள் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றுவிட்டது. முதலில் ஒரு மக்கள் பெயராகச் சென்றது. பிறகு ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கலாயிற்று. இன்று உலக நாடுகள் விலக்கிவைத்த அரசைப் 'பரையா ஸ்டேட்' என்று எழுதுகிறார்கள். தெருநாய்க்கும் பருந்துக்கும்கூட அப்பெயரை ஒட்டினார்கள். எழுதுபவர்களுள் பலர்க்கு இது தமிழ்ச் சொல் என்பதோ, இப்பெயருடைய மக்கள் இன்றும் வாழ்கிறார்கள் என்பதோ தெரியாது. கட்டுமரம் கேட்டமரன் ஆனதையும், மிளகுதண்ணீர் முல்லிகடானி ஆனதையும் பெருமையாகப் பேசும் தமிழறிஞர் சிலர், ஆங்கிலத்துக்குச் சென்ற தமிழ்ச் சொற்களை எண்ணும்போது இதை மட்டும் எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் அந்தப் பெயருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1893 இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். எந்தப் பெயரைச் சொல்லித் தலைகுனிய வைத்தார்களோ அந்தப் பெயரை முகப்பில் அச்சிட்டார். அதே ஆண்டில், ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தோடு இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று தீர்மானம் வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றை நாடாளுமன்றத்துக்கு அனுப்பி எதிர்த்தார். இங்கே நடத்தினால் உயர்சாதியினரே தேறி நம்மை ஆளவருவர் என்பது அவர்தம் அச்சம். அந்த நிலைப்பாட்டை இன்று ஏற்பதும் மறுப்பதும் அவரவர் கருத்து. ஒரு தேர்வின் வாயிலில் யார் நிற்கிறார்கள் என்பது ஊராரின் தலையெழுத்தை மாற்றும் என்பதை நூற்றாண்டுக்கு முன்பே கணித்தவர் அவர்.

இவற்றையெல்லாம் அந்த மாணவிக்கு எடுத்துச் சொன்னோம். வினாத்தாளில் அச்சொல் வந்தால், ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பொருளையே விடையாகக் கொள், தேர்வறை வாதாடும் இடமன்று, மதிப்பெண்ணை விட்டுவிடாதே. வெளியே வந்தபின் உன் பேராசிரியரிடமும் உடன் பயில்வோரிடமும் அச்சொல்லின் வரலாற்றைச் சொல். இதுவே நாம் தந்த விடை. அவள் அட்டையின் பின்பக்கத்தில் பொருளை எழுதி, அதன் கீழே '1893' என்றும் எழுதிக்கொண்டாள். நம் விடை முழுமையானது என்று நாம் கருதவில்லை. இன்றைய இளைஞர்களுக்கு இதனினும் நல்ல விடை தோன்றலாம். தோன்றினால் வகுப்பில் வந்து சொல்லுங்கள்.

வினாவை விடுக்கும் முறைக்கு வருவோம். வெற்றிடத்தைக் கண்டவுடன் விடைகளைப் பார்க்காதீர்கள். முதலில் வாக்கியத்தைப் படித்து, உங்கள் சொல் ஒன்றைத் தமிழிலேயே இட்டுப்பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டு: 'அந்தப் பெரியவர் பேச்சில் தாராளமானவர், ஆனால் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் என்று கேட்டால் ______.' இங்கே 'ஆனால்' என்னும் சொல் வாக்கியத்தைத் திருப்பிப் போடுகிறது. எனவே 'கஞ்சன்' என்ற பொருள் வரவேண்டும். ஒருவகை வினாவில் ஆறு விடைகள் தந்து, வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பார்சிமோனியஸ், ஸ்டிஞ்சி ஆகிய இரண்டும் பொருந்தும். லேவிஷ், ப்ராடிகல் என்று மற்றோர் இணையும் பட்டியலில் நிற்கும். இணை கிடைத்துவிட்டது என்று அதில் கைவைத்தால் தவறு, ஏனெனில் அவை ஊதாரித்தனத்தைக் குறிப்பவை. இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண்; ஒன்றுக்குப் பாதி என்பது இல்லை.

அருஞ்சொல்லைவிட எளிய சொல்லிலேயே பலர் ஏமாறுகிறார்கள். ஃப்ளாக் என்றால் கொடி. தளர்தல் என்றும் ஒரு பொருள். குவாலிஃபை என்றால் தகுதி பெறுதல். கூற்றை வரையறுத்துக் குறைத்துச் சொல்லுதல் என்றும் பொருள். அரெஸ்ட் என்றால் கைது மட்டுமா? வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துதலும் அதுவே. சாங்ஷன் என்பது ஒப்புதலுக்கும் தண்டனைக்கும் ஒருங்கே வழங்குகிறது. ஹஸ்பண்ட் வினையாக வந்தால் சிக்கனமாகக் காத்தல். (இல்லத்தரசியர் சிலர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.)

மறதியைப் பற்றிச் சிறிது. எபிங்காஸ் என்னும் செருமானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்பதை அளந்து 1885 இல் வெளியிட்டார். கற்ற சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி நழுவிவிடுகிறது. இடைவெளி விட்டு மீண்டும் பார்த்தால் நிலைக்கிறது. இதற்கு நாம் செய்த ஏற்பாடு மிக எளியது. திருமண அழைப்பிதழ்களின் எழுதாத பக்கத்தை வெட்டி அட்டைகள் செய்தோம். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருளும் ஒரு வாக்கியமும். காலணிப் பெட்டியில் மூன்று தடுப்புகள். முதல் தடுப்பு நாள்தோறும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது பத்து நாளுக்கு ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும். தவறினால் முதல் தடுப்புக்குத் திரும்பும். நாளொன்றுக்குப் பத்துப் புதுச்சொல் போதும். நூறு நாளில் ஆயிரம். கைப்பேசியிலும் இதற்குரிய செயலிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆனால் கைப்பேசியை எடுத்தவன் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வைக்கிறானா என்பது வீட்டாருக்கே வெளிச்சம்.

பொருளைத் தமிழில் எழுதியதால் எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது. ஆங்கிலம் அறியாத தாய்மார் அட்டையைப் பிடித்துக்கொண்டு தமிழ்ப் பொருளைப் படிக்க, பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லைச் சொன்னார்கள். தாய்மார் அத்தோடு நில்லாமல், அகராதியில் காணாத பொருளையும் தந்தார்கள். கேருலஸ் என்பதற்கு 'மிகுதியாகப் பேசுகிற' என்று எழுதியிருந்தோம். "வாயாடி என்று எழுதாமல் இதென்ன?" என்றார் ஒரு தாய். ஒப்சீக்வியஸ் என்பதற்கு 'மிகையாகப் பணிகிற' என்றிருந்ததைப் படித்த மற்றொரு முதியவர், "துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூழைக்கும்பிடு போடுவது, எங்கள் அப்பா போட்டார், நாங்கள் நிறுத்தினோம்" என்றார். அந்த அட்டை இன்றும் பெட்டியில் இருக்கிறது. அவர் சொன்னது அவ்வாறே எழுதப்பட்டிருக்கிறது.

தேர்வை நடத்தும் நிறுவனமே இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இணையத்தில் விலையின்றித் தருகிறது. ஒன்றைப் பயிற்சியின் தொடக்கத்திலும் மற்றொன்றைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பும் எழுதுங்கள். கழகத்தின் கணினியில் எழுதலாம். முன்கூட்டியே பெயர் பதிந்துகொள்ளவேண்டும்.

புதிய அணிக்கு வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வகுப்பு தொடங்குகிறது. வீட்டிலுள்ள பழைய திருமண அழைப்பிதழ்களைக் கொண்டுவாருங்கள். கத்தரிக்கோல் நம்மிடம் இருக்கிறது. முதல் வகுப்பு 'கை' குடும்பம்.